அந்திமந்தாரைக்கு மூன்று வாய்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குக் கூட்டம் வருவது வழக்கம். நயா பைசா வந்த வருஷம் மட்டும் அந்தக் கூட்டத்தில் பாதி அருவிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தென்காசியில் பஸ் ஏறி, மேலகரம் தாண்டி, ஓர் ஓலைக் கொட்டகைக்கு முன்னால் இறங்கிக்கொண்டது. கொட்டகைக்குள் இருந்தது ஒரு செடி. இடுப்பளவு உயரம். அது பேசும் என்றார்கள்.

வாயால் அல்ல, பூவால். கல்யாணம் கூடுமா, கர்ப்பம் தங்குமா, வழக்கு ஜெயிக்குமா, காணாமல் போன எருமை திரும்புமா, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காலையில் கேட்டால் சாயங்காலம் பதில். தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் காத்திருந்து பழகிய ஜனத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி! சிவகிரியிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். கண்டக்டர்கள் "அம்மை ஸ்டாப்பு, அம்மை ஸ்டாப்பு" என்று கூவினார்கள். எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஒரே நாளில் போர்டை மாற்றி 'அந்திப்பூ அம்மன் காபி கிளப்' ஆக்கிவிட்டார். டீ மட்டும் பழைய டீதான்.

அம்மைக்கு வாய் இல்லாததால் அவளுக்காகப் பேச ஒருவர் வேண்டுமல்லவா? அவர்தான் பூச்சாமி. பூர்வாசிரமத்தில் சிவகிரி பால்வண்ணநாதன். கூந்தல் தைல ஏஜெண்டு. எந்தப் பெண்ணின் கூந்தலும் அந்தத் தைலத்தால் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. வளர்ந்ததெல்லாம் விற்காத பாட்டில்களின் அடுக்கு. மனம் வெறுத்துத் தாடி வளர்த்தார். தாடி வளர்ந்ததும் அருள் வந்தது.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது நம்மூருக்குப் புதிதல்ல. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து சந்நிதியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் காரியம் நடக்கும். இந்த முறையில் ஒரு குறை உண்டு. இரண்டே பொட்டலம், பாதிப் பேர் நல்ல வாக்கு வாங்கிக்கொண்டு சும்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். பூச்சாமி அந்தக் குறையை நீக்கினார்.

காலையில் கேள்வியைச் சாமியின் காதில் சொல்ல வேண்டும். சாமி கண்ணை மூடுவார், செடியில் ஒரு மொட்டைத் தேர்ந்தெடுப்பார், அதன்மேல் மஞ்சள் துணிப் பை ஒன்றை மாட்டி, நம்பர் எழுதிய சீட்டோடு நூலால் கட்டுவார். சாயங்காலம் நாலு மணி சுமாருக்குப் பை அவிழும். மஞ்சள் பூ என்றால் காரியம் ஜெயம். சிவப்பு என்றால் அம்மையின் கோபம். காரியம் நடக்கவே கூடாது. குங்குமமும் சிவப்புதானே என்று கேட்ட ஓர் ஆளுக்கு அன்று காபி கிளப்பில்கூட டீ கிடைக்கவில்லை. மஞ்சளும் சிவப்பும் தெறித்துக் கலந்து வந்தால்? அது தோஷம். தோஷத் தைலம் மூன்று பாட்டில் வாங்கித் தேய்த்து, பதினொரு நாள் அருவியில் குளித்துவிட்டு மறுபடியும் கேட்க வேண்டும். லேபிளைச் சுரண்டிவிட்டால் கூந்தல் தைலம் தோஷத் தைலம் ஆகிவிடும் என்பது ரசாயன சாஸ்திரம் இன்னும் கண்டுபிடிக்காத உண்மை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கலப்புப் பூதான் வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் அவ்வளவு தோஷம் இருக்கிறதே என்று பயந்தார்கள்.

குழல்வாய்மொழிக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தன் கல்யாணமே அந்தச் செடியில் போய்த் தொங்கும்வரை.

அவளுக்கு வயது இருபத்தாறு. மேலகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலின் நாற்றுத் தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் வேலை. மா, சப்போட்டா, ரோஜா எதுவானாலும் அவள் கை பட்டால் ஒட்டும். அவளுக்குத்தான் ஒன்றும் ஒட்டாமல் இருந்தது. கடைசியில் ஆய்க்குடி சுந்தரபாண்டியன் அமைந்தான். பஸ் டிரைவர். தோட்டத்து வேலியோரம் வரும்போதெல்லாம் தேவையில்லாமல் ஹார்ன் அடிப்பான். அவளும் தேவையில்லாமல் நிமிர்ந்து பார்ப்பாள். இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, வெற்றிலை பாக்கு மாற்றும் நாளும் குறித்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய் வள்ளித்தாய், "எதுக்கும் அம்மைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்றாள்.

இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. இரண்டு தடவையும் கலப்பு. சுந்தரபாண்டியன் தைலம் தேய்த்து இருபத்திரண்டு நாள் அருவியில் நின்றான். அந்த வாடைக்குப் பயந்து பஸ்ஸில் முன் சீட்டுகள் காலியாகவே ஓடின. மூன்றாவது கேள்வி வருகிற வெள்ளிக்கிழமை. அதற்குமேல் அம்மையைக் கேட்கக் கூடாது. அது கடைசித் தீர்ப்பு.

அந்தக் கடைசித் தீர்ப்பு என்ன செய்யும் என்பது குழல்வாய்மொழிக்கு நன்றாகத் தெரியும். அடுத்த தெருக் கல்யாணசுந்தரிக்குச் சிவப்பு வந்தது. வந்த மாப்பிள்ளை போனான். அதற்குப் பிறகு வேறு மாப்பிள்ளையும் வரவில்லை. மனுஷர் வேண்டாமென்றால் வேறு மனுஷரைப் பார்க்கலாம். தெய்வமே வேண்டாமென்று சொன்ன பெண்ணை எவன் கட்டுவான்? பேரில் மட்டும் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவள் கதவை அடைத்துக் கிடந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் குழல்வாய்மொழி முக்காடு போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகக் கொட்டகைக்குப் போனாள். அன்று மலையில் மேகம் கவிந்து மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கே பூவும் விரிந்தது. "அம்மைக்கு இன்னைக்கு அவசரம்" என்று சாமி உருகினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

குழல்வாய்மொழி கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க அதுதான் வழி. மேகம் மூடினால் முன்கூட்டியே விரிகிற பூவை அவளுக்குத் தெரியாதா? அது அந்திமந்தாரை. செங்கோட்டைக்காரர்கள் நாலுமணிப்பூ என்பார்கள். பாதி வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், யாரும் கேட்காமலே முளைத்து நிற்பது. கொல்லையில் நின்றால் செடி. கொட்டகையில் நின்றால் அம்மை.

ஆனால் கொல்லைச் செடிகள் ஒரே நிறத்தில் பூக்கும். இது மூன்று நிறத்தில் பூத்தது. அதுதான் ஜனங்களின் கண்ணைக் கட்டியது. குழல்வாய்மொழியின் கண்ணைத் திறந்ததும் அதுதான். இந்தச் செடியை அவளே பிடுங்கி எறிந்திருக்கிறாள்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் சுத்தமான மஞ்சள் அந்திமந்தாரை கேட்டிருந்தார். பாத்தியில் ஒன்று மட்டும் கலந்து பூத்தது. கிழங்கோடு பிடுங்கி வேலிக்கு வெளியே குப்பையில் வீசினாள். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்து அறையில் குடியிருந்தவர் தைல ஏஜெண்டு பால்வண்ணநாதன்.

அவள் பூவைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிளையைப் பார்க்க ஆரம்பித்தாள். சாமியின் ஆசனத்துப் பக்கம் சாய்ந்த கிளையில் அவிழ்ந்ததெல்லாம் மஞ்சள். சுவர்ப் பக்கத்துக் கிளையில் எல்லாம் சிவப்பு. நடுவில் தழைத்த கிளைகளில் கலப்பு. கொட்டகைக்குப் பின்னால் பெருக்கித் தள்ளிய நேற்றைய வாடல் பூக்களும் அதையே சொல்லின. ஒரு பணக்கார மாது தட்டு நிறையக் காணிக்கை வைத்தபோது, சாமியின் கை நாளைய மொட்டுக்காக ஆசனத்துப் பக்கக் கிளையைத் தடவியதையும் அவள் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பா சிவசுப்பிரமணியனிடம் சொன்னாள். "அப்பா, அது நான் குப்பையில போட்ட செடி."

அவர் பதறிப்போனார். "மெல்லப் பேசு ஏளா! குப்பையில போட்டியா? அதான் அம்மைக்கு உன் மேல கோவம்."

அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று அவள் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. சாமி அவள் கல்யாணக் கேள்வியை வாங்கிக் கண்ணை மூடினார். கண் மூடியிருந்தாலும் கை தடுமாறவில்லை. நேராகச் சுவர்ப் பக்கத்துக் கிளைக்குப் போயிற்று. இருபதாம் நம்பர்ப் பை. குழல்வாய்மொழி குரலை உயர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"சாமி, ஒரு சந்தேகம். இப்பமே மொட்டுக்குள்ள நிறம் இருக்குமா?"

"நல்லாக் கேட்டா பாரு!" சாமி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "இப்பம் வெறும் மொட்டு. அம்மை மத்தியானத்துக்கு மேலதான் ஒவ்வொருத்தர் விதியையும் பாத்து நிறம் போடுவா. அதுவரைக்கும் எனக்கே தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்பம் எனக்கு மட்டுந்தான் தெரியும் போலுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் எதிரே டீக்கடைக்குப் போனாள். போண்டா, சுழியன் என்று எழுதி வைத்திருந்த பலகையைத் துடைக்கச் சொன்னாள். ஒன்று முதல் இருபது வரை நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே நிறம் சொன்னாள். கடைக்காரர் சாக்கட்டியால் எழுதிக்கொண்டே, "இருபதாம் நம்பர் உன்னுதுல்லா? அதுக்கு ஒரு நல்ல நிறமா..." என்று இழுத்தார்.

"சிவப்புன்னு எழுதுங்க அண்ணாச்சி."

பலகை கடை வாசலில் தொங்கியது. ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மூன்று மணிக்கெல்லாம் கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. வள்ளித்தாய் முன்வரிசையில் மாரில் அடித்துக்கொள்ளத் தயாராக நின்றாள். சுந்தரபாண்டியன் காக்கி உடுப்போடு, தன் பஸ்ஸையே அம்மை ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் கோபப்படாமல் இறங்கி வந்துவிட்டார்கள்.

டீக்கடைக்காரர் பலகையைத் தூக்கிவந்து கொட்டகைக்குள் மாட்டினார். முதல் பை அவிழ்ந்தது. கலப்பு. பலகையில் கலப்பு. இரண்டாவது மஞ்சள். பலகையில் மஞ்சள். மூன்று, நாலு, ஐந்து. ஆறாவதும் பலகை சொன்னபடியே வந்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆகா, ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கடலை விற்கிற பேராச்சி தடால் என்று குழல்வாய்மொழியின் காலில் விழுந்தாள்.

"தாயே! நீதான் அம்மை! என் மவன் கொழும்புலருந்து எப்பம் வருவான், சொல்லு தாயே!"

அவளைத் தொடர்ந்து பத்துப் பேர் விழுந்தார்கள். யாரோ ஒருவன் கற்பூரம்கூட ஏற்றிவிட்டான். ஒரு சாமி போனால் இன்னொரு சாமி வேண்டும். காலி நாற்காலியைப் பார்க்க நம்மவர்களுக்கு மனசு தாங்காது. குழல்வாய்மொழிக்கு வந்ததே கோபம்!

"எழும்புங்க ஆச்சி! அம்மையும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. இங்கன வாங்க. மிச்சத்த நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு எழுத்தே தெரியாதே!"

"அதான் வேணும். பலகையப் பாத்துச் சொன்னியன்னு எவனும் சொல்ல முடியாதுல்லா. கிளையப் பாருங்க. சாமி உக்காருத பக்கம் உள்ளது மஞ்சக் கிளை. சுவரோரம் சிவப்பு. நடுவுல கலப்பு. செடி ஒண்ணுதான், கிளைக்குக் கிளை குணம் மாறிப்போச்சு. ஒரு வயித்துல ஒண்ணு கறுப்பும் ஒண்ணு சிவப்புமாப் பொறக்கலியா? எங்க தோட்டத்துல செம்பருத்தியில ஒத்தக் கிளை மட்டும் வெள்ளையாப் பூத்துது. நாங்க உண்டியலா வச்சோம்? வெட்டிப் பதியன் போட்டு வித்தோம்."

பேராச்சி கண்ணைச் சுருக்கி ஏழாம் நம்பரைப் பார்த்தாள். "கலப்பு... மாதிரித் தெரியுது." கலப்பு. எட்டு, "மஞ்ச." மஞ்சள். பத்தாவது பையில் அவள் குரலில் அதிகாரம் வந்துவிட்டது. பதினோராவதில் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். கூட்டமும் சேர்ந்து கத்த ஆரம்பித்தது. "மஞ்ச!" "கலப்பு!" "கலப்பு!" சினிமாக் கொட்டகையில்கூட அவ்வளவு உற்சாகம் கிடையாது. சாமி அவிழ்க்க மறுத்தபோது டீக்கடைக்காரரே வந்து அவிழ்த்தார்.

பதினாலாம் நம்பரில் சறுக்கியது. பேராச்சி கலப்பு என்றாள். பலகையும் கலப்பு என்றது. பூ சுத்த மஞ்சளாகச் சிரித்தது.

சாமி துள்ளி எழுந்தார். "பாத்தியளா! பாத்தியளா! தப்பு! அம்மையை எவன் கணிக்க முடியும்?"

"நடுக்கிளையில நூத்துல ஒண்ணு இப்பிடி வரும், எனக்கும் தெரியும்" என்றாள் குழல்வாய்மொழி. "தெய்வம் சொன்னா இருபதும் சரியா இருக்கணும் சாமி. நாங்க தோட்டக்காரியும் கடலைக்காரியும். எங்களுக்குப் பத்தொம்பது போதும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூச்சாமியின் கொட்டகையில் முதல் முதலாகக் கேட்ட சிரிப்பு அது.

கடைசியில் இருபதாம் நம்பர். பேராச்சி சுவரோரக் கிளையைப் பார்த்தாள். குழல்வாய்மொழியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க ஆச்சி."

"சிவப்பு ஏட்டி" என்றாள் அவள், அழுகிற குரலில்.

பை அவிழ்ந்தது. ரத்தச் சிவப்பு. இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வள்ளித்தாய் மாரில் அடித்துக்கொண்டே விட்டாள். "ஐயோ, சிவப்பு வந்துட்டே! என் மவன் வாழ்க்க போச்சே!"

"சிவப்புக் கிளையில கட்டினா சிவப்பு வராம நீலமா வரும் அத்தை?" குழல்வாய்மொழி சுவரோரக் கிளையைப் பிடித்துக் காட்டினாள். "பூவ விடுங்க. நம்ம கேள்விய அந்தக் கிளையில கொண்டுபோய்க் கட்டினது யாரு? அம்மையா, இவரா? இவருக்கு என் மேல என்ன வஞ்சம்? அதக் கேளுங்க மொதல்ல."

அந்தக் கேள்விக்குக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பசு பதில் சொன்னது. "ம்மா" என்று கத்தியது. வள்ளித்தாய் அடித்த கையை அப்படியே நிறுத்தினாள். வயலும் மாடுமாக வாழ்கிற சம்சாரிக்குப் பசுவின் குரல் தெரியாதா? விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"அது எங்க அண்ணன் வீட்டுக் கொம்பு வளைஞ்ச பசுல்லா! அது எப்பிடிவே இங்கன வந்துது?"

அண்ணன் என்றால் சுந்தரபாண்டியனின் தாய்மாமன். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் உண்டு. மீதியைக் கூட்டமே கூட்டிக் கழித்துக்கொண்டது. சாமி சிவகிரிப் பக்கம் பார்வையை ஓட்டினார். வாசலை அடைத்துக்கொண்டு பேராச்சி நின்றாள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து மிச்சமிருந்த பாட்டில்களை எடுத்து, அத்தனை தோஷத் தைலத்தையும் அவர் தலையிலேயே கவிழ்த்து, பரபரவென்று தேய்த்து, "போவே, போயி பதினொரு நாளு குளி" என்று அருவிப் பாதையில் விரட்டினார்கள். தாடி மினுமினுக்க ஓடினார். அந்தத் தைலத்தால் பளபளப்பு வரும் என்று ஏஜெண்டு சொன்னது அன்றைக்குத்தான் நிஜமாயிற்று.

வள்ளித்தாய் குழல்வாய்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னமோ கண்ணு மறைச்சுட்டு மக்களே. ஆவணியிலயே கல்யாணத்த வச்சிருவோம்."

சுந்தரபாண்டியனும் தைரியமாக முன்னால் வந்தான். "எனக்கு அப்பமே தெரியும், இது பித்தலாட்டம்னு."

குழல்வாய்மொழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தலையில் இன்னும் அந்த வாடை அடித்தது.

"தெரிஞ்சுதான் இருபத்திரண்டு நாளு அருவியில நின்னியளாக்கும்?"

அவன் தலையைச் சொறிந்தான். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"பூவ மூணு தடவ கேட்டிய. உங்க அம்மையக் கேட்டிய, எங்க அப்பாவக் கேட்டிய. சிவப்பு வந்திருந்தா வாய மூடிட்டுப் போயிருப்பிய. இத்தன பேரக் கேட்டியளே, என்னைய ஒரு வார்த்த கேட்டியளா?"

கூட்டம் அவன் முகத்தைப் பார்த்தது. வெளியே ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸைக் கண்டக்டர் கூட மறந்துவிட்டான். சுந்தரபாண்டியன் அத்தனை பேர் நடுவில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே யோசித்து ஒரு காரியம் செய்தான். "இப்பம் கேக்கேன். என்னையக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் குழல்வாய்மொழி. "ரெண்டு நாளாவும். அதுக்குள்ள நீங்களும் யோசிச்சுப் பழகுங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்; மாவுக்கு ஒட்டுக்கட்டும் வேலை பாதியில் கிடந்தது.

கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. என்ன திமிர், பொம்பளை ரெண்டு நாள் யோசிப்பாளாமே! ஒரு செடியின் பதிலுக்காக மாதக்கணக்கில் தைலம் தேய்த்து நின்ற ஜனம் அது. தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னால் உடனே வைத்தது. தலைக்குள்ளே இருப்பதைக் கொஞ்சம் உபயோகிக்கச் சொன்னதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை.